ஃபிளிப் போனுக்கு மாறலாமா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

மேலூர்க்காரன் கேட்டது:

வணக்கம். எனக்கு 24 வயது. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு இரண்டு வருடமாகக் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். படிக்கிறேன் என்று வீட்டில் சொல்கிறேன், நிஜத்தில் போன் பார்க்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனே கணக்குக் காட்டியது: சராசரியாக ஒரு நாளைக்கு 5 மணி 40 நிமிடம். காலை ஒன்பது மணிக்கு நூலகத்தில் போய் உட்காருகிறேன், பத்தரைக்குள் ஏழெட்டு முறை கை தானாகப் பாக்கெட்டுக்குப் போய்விடுகிறது. ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை மட்டும் மூன்று முறை ஆரம்பித்திருக்கிறேன். 200 கேள்வியில் 100 கேள்வி தமிழ். அதிலேயே கோட்டை விட்டால் எங்கே போய்ச் சேருவது?

என்னோடு படிக்கும் ஒருவன் சாதாரண பட்டன் போனுக்கு மாறிவிட்டான். ஆயிரத்துச் சொச்சத்துக்கு எனக்கும் அது கிடைக்கும். ஆனால் என் கண் ஃபிளிப் போன் மீதுதான். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். சின்ன வயதில் மாமா துபாயிலிருந்து வரும்போது மோட்டோரோலா ரேசர் வைத்திருந்தார். பேசி முடித்ததும் ஒரு கையாலேயே டப்பென்று மூடுவார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பட்ஜெட் ஐயாயிரம். ஓடிபி ஒழுங்காக வருமா, சார்ஜ் எத்தனை நாள் நிற்கும், பணம் அனுப்ப வழி உண்டா என்று தெரிய வேண்டும். டெலிகிராமில் வரும் டெஸ்ட் பேட்ச் பிடிஎஃப்களை என்ன செய்வது என்பது தனித் தலைவலி. கடையில் போய்க் கேட்டால் ‘தாத்தாவுக்கா தம்பி?’ என்கிறார்கள். அதனால் இங்கே கேட்கிறேன்.

*

வேலைவெட்டி இல்லாதவன் எழுதியது:

சாம்சங்கின் திரை மடங்கும் இசட் ஃபிளிப்பா தம்பி? ஐயாயிரத்துக்கு அதன் பின்பக்கக் கவர் நல்லதாகக் கிடைக்கும்.

*

மேலூர்க்காரன் எழுதியது:

இல்லை அண்ணா, பட்டன் உள்ளது. திரை மடங்காது, போன்தான் மடங்கும்.

*

தேவகோட்டை தையல் எழுதியது:

தம்பி, பதினாறு மாதமாக நான் ஃபிளிப் போன்தான் வைத்திருக்கிறேன். இந்தப் பதிலை அடிப்பது மட்டும் என் வீட்டுக்காரர் போனில். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே வந்துவிட்டது. மீதியையும் சொல்லிவிடுகிறேன், இன்று கரண்ட் இல்லை, மெஷின் சும்மாதான் நிற்கிறது.

வீட்டு முன்னறையில்தான் கடை. பிளவுஸ், சுடிதார், ஜூன் மாதம் வந்தால் ஸ்கூல் யூனிஃபார்ம். முன்பு பெரிய போனை மெஷின் மேலேயே சாய்த்து வைத்துக்கொண்டு ரீல்ஸ் ஓடவிட்டுத் தைப்பேன். பழக்கப்பட்ட கைதானே என்று ஒரு நினைப்பு. ஒரு நாள் பிளவுஸ் கை ஓரம் மடித்துக்கொண்டிருக்கும்போது எதற்கோ சிரித்துவிட்டேன். மோட்டார் மெஷின். இடது கை ஆள்காட்டி விரலில் நகத்தோடு ஊசி இறங்கி, உள்ளேயே முறிந்தது. ஊசியை எடுத்தவர் அதை ஒரு கிண்ணத்தில் போட்டுக் காட்டி, ‘போனா, விரலா?’ என்று கேட்டார். அடுத்த வாரமே மாறிவிட்டேன். கம்பெனி பெயர் சொல்லவில்லை, பின்னால் குறையும் சொல்லப் போகிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். கடையில் எப்போதும் சாக் பவுடரும் நூல் பிசிறும் பறக்கும். முன்பு வைத்திருந்த பட்டன் போனில் இரண்டே மாதத்தில் 5-ம் 8-ம் அமுங்காமல் போயின. இதில் மூடி வைத்தால் பட்டன்கள் உள்ளே பத்திரம். இடுப்பில் சொருகிக்கொண்டு குனிந்து துணி வெட்டினாலும் தானாக யாருக்கும் கால் போகாது. முன்பு என் இடுப்பு பல பேருக்குக் கால் போட்டிருக்கிறது, சம்பந்தி வீட்டுக்குக்கூட. மெஷின் டேபிளிலிருந்து குறைந்தது இருபது தடவையாவது விழுந்திருக்கும். மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், போன் ஒரு பக்கமாகச் சிதறும். பொறுக்கி மாட்டினால் ஒரு நிமிடத்தில் உயிர் வந்துவிடும். வெளியே ஒரு சின்னத் திரை உண்டு. கூப்பிடுவது யார் என்று அதில் தெரிந்துவிடும், திறக்கலாமா வேண்டாமா என்று நாமே முடிவு செய்யலாம். சார்ஜ், ஞாயிறு ஒரு தடவை, புதன் இரவு ஒரு தடவை.

அப்புறம் அந்தச் சத்தம். உங்கள் மாமா சும்மா மூடவில்லை தம்பி. ‘லைனிங் வைத்து 350-ஆ? பக்கத்துத் தெருவில் 250 தானே’ என்று இழுப்பவர்களிடம், ‘அங்கேயே கொடுங்க’ என்று சொல்லி டப்பென்று மூடுவதில் இருக்கிற நிம்மதி, சிவப்புப் பட்டனைத் தடவுவதில் கிடையாது.

கடைக்குப் பணம் வருவதற்கு இந்த போனே போதும், அது பலருக்குத் தெரிவதில்லை. மேசையில் ஸ்கேன் செய்கிற அட்டையும் ஸ்பீக்கர் பெட்டியும் இருக்கின்றன. பெட்டிக்குள்ளேயே தனி சிம் இருக்கிறது. ‘350 ரூபாய் பெறப்பட்டது’ என்று அது கத்தினால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தம், நான் எந்தத் திரையையும் பார்க்க வேண்டாம். ஓடிபியும் வெறும் எஸ்எம்எஸ்தான், ஒழுங்காக வரும். ஒன்று மட்டும் கவனம். என் போனில் இன்பாக்ஸ் நிறைந்தால் புது மெசேஜ் வெளியிலேயே நிற்கும். ஒரு தடவை ஓடிபிக்குக் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் நூற்றுக்கணக்கான ‘லோன் வேண்டுமா’ மெசேஜ்களை உட்கார்ந்து அழித்தேன். அழித்ததும் ஓடிபி வந்தது, நேரம் முடிந்த ஓடிபி. கேஸ் சிலிண்டர் மிஸ்டு கால் கொடுத்தால் பதிவாகிவிடும், டெலிவரி நம்பரும் எஸ்எம்எஸ்ஸில் வந்துவிடும்.

பணம் கொடுப்பதுதான் பாடு. *99# என்று ஒரு வழி இருக்கிறது, நெட் தேவையில்லை. தொடங்கும்போது டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களும் முடியும் தேதியும் கேட்கும், கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஐயாயிரம் வரைதான். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று படிப்படியாகப் போகும், நாம் கொஞ்சம் யோசித்தால் அதற்குள் லைன் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. என் போனில் ரகசிய எண் அடிக்கும்போது புள்ளி விழாது, எண் எண்ணாகவே தெரிகிறது. நூல் கடையில் என் பின்னால் வரிசையில் நின்ற பெரியவர், ‘கடைசி எண் ஏழா, ஒன்றா?’ என்று அக்கறையாகக் கேட்டார். அன்றோடு விட்டுவிட்டேன். இப்போது கையில் காசுதான்.

இனிமேல்தான் வயிற்றெரிச்சல். இந்தக் காலத்துத் தையலே வாட்ஸப்பில்தான் நடக்கிறது. ‘டிசைன் அனுப்பிட்டேன் அக்கா, பாருங்க’ என்பார்கள். எங்கே பார்ப்பது? வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறேன். அவர் குட்டி யானை ஓட்டுகிறவர், காலையில் போனால் ராத்திரிதான் வருவார். போன தை மாதம் ஒரு கல்யாண ஆர்டர், நாலு பிளவுஸ். பேசும்போது பின்பக்கம் போட் நெக் என்று முடிவு. மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பெண்ணின் அக்கா மனம் மாறி, பின்பக்கம் பானைக் கழுத்து, நாட் வைத்து, குஞ்சம் தொங்கவிட்டு ஒரு படம் அனுப்பிவிட்டார். படம் என் வீட்டுக்காரர் பாக்கெட்டில் திருப்புவனம் வரை போய்விட்டு வந்தது. நான் மத்தியானம் இரண்டு மணிக்குப் பட்டுத் துணியில் கத்தரி வைத்துவிட்டேன். அந்தத் துணி புடவையோடு சேர்ந்து வருவது, தனியாகக் கடையில் கிடைக்காது.

ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் போனை நீட்டினார். படத்தைப் பார்த்தேன், மேசையில் கிடந்த துணியைப் பார்த்தேன். நல்லவேளை, போட் நெக் மேலே ஏறிய கழுத்து, பானைக் கழுத்து கீழே இறங்குவது. இருப்பதிலிருந்து மேலும் வெட்டத்தான் வேண்டும், ஒட்டுப் போட வேண்டியதில்லை. இதுவே தலைகீழாக இருந்திருந்தால் நான் காரைக்குடி முழுக்க அதே நிறம் தேடி அலைந்திருப்பேன். ஹூக் வைக்க விட்டிருந்த இடம் மட்டும் வீணாயிற்று, அதைப் பட்டி வைத்துச் சரிக்கட்டினேன். அன்றிலிருந்து ஒரு சட்டம்: டிசைன் எதுவானாலும் நேரில் வந்து காட்ட வேண்டும், நான் பில் நோட்டின் பின்பக்கம் வரைந்துகொள்வேன், அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். நாலைந்து பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். வருகிறவர்களிடம் தகராறு குறைந்துவிட்டது. கூட்டிக் கழித்தால் லாபமா நஷ்டமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பிள்ளையின் பள்ளிக்கூடம் அடுத்தது. எல்லாமே வகுப்பு வாட்ஸப் குரூப்பில்தான். ஒரு வியாழக்கிழமை இரவு ஒன்பதரைக்குத் தெரிகிறது, மறுநாள் காலை மாறுவேடப் போட்டி, என் மகள் வேலு நாச்சியார். குரூப்பில் திங்கட்கிழமையே போட்டிருக்கிறார்கள். தையல்காரி பிள்ளை உடை இல்லாமல் போனால் ஊர் என்ன சொல்லும்? பழைய பாவாடை ஒன்றைப் பிரித்து இரவு ஒன்றரை வரை தைத்தேன். வாள் அட்டையில் செய்தது. இரண்டாம் பரிசு.

அதனால் தம்பி, நான் ஸ்மார்ட்போனை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் பாதிதான் உண்மை. அது என் கையிலிருந்து வீட்டுக்காரர் கைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். கரண்ட் பில், ரயில் டிக்கெட், பிள்ளையின் வீட்டுப்பாடம் என்று ராத்திரி முக்கால் மணி நேரம் அவர் போன் எனக்கு. அவர் முகம் சுளிக்காதவர், அதனால் ஓடுகிறது. உங்களுக்கு அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு குறை மட்டும் எனக்கு இன்றுவரை புரியவில்லை. வெளியில் எங்கே பேசினாலும் ஒன்றும் ஆகாது. மெஷின் டேபிளில் திறந்து வைத்து ஸ்பீக்கரில் பேசினால் சில சமயம் நடுவிலேயே திரை அணைந்து கால் கட்டாகிறது. சிக்னல் என்று நினைத்து சிம்மைக்கூட மாற்றிப் பார்த்துவிட்டேன். போன மாதத்திலிருந்து இன்னொன்று: திறக்கும்போது திரையில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு வருகிறது, பாதி மூடினால் சரியாகிறது. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

*

மேலூர்க்காரன் எழுதியது:

அக்கா, விரல் இப்போது சரியாகிவிட்டதா?

*

தேவகோட்டை தையல் எழுதியது:

ஆகிவிட்டது தம்பி. நகம் மட்டும் கொஞ்சம் கோணலாக முளைத்திருக்கிறது.

*

ரிச்சி தெரு பழைய ஆள் எழுதியது:

அக்கா, முதல் குறைக்கு ஒரு கேள்வி. டேபிளில் ஊசி, குண்டூசி ஒட்டி வைக்க காந்தம் வைத்திருக்கிறீர்களா? பழைய ஸ்பீக்கரில் கழற்றியது மாதிரி? இருந்தால் குற்றவாளி அதுதான்.

ஃபிளிப் போன் மூடியிருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? பட்டன் எதுவும் அமுங்குவதில்லை. பெரும்பாலான மாடல்களில் ஒரு பாதியில் கடுகு அளவுக்கு ஒரு காந்தம் இருக்கும், எதிர்ப் பாதியில் ஹால் சென்சார் என்று ஒன்று இருக்கும். மூடும்போது காந்தம் பக்கத்தில் வரும், சென்சார் ‘மூடியாச்சு’ என்று சொல்லும், திரை அணையும், கால் கட்டாகும். வெளியிலிருந்து வேறு காந்தம் பக்கத்தில் வந்தாலும் அது அப்படியே ஏமாந்துபோகும். காந்தப் பட்டன் வைத்த ஹேண்ட்பேகில் போடுகிறவர்களும் இதே புகாரோடு வருவார்கள். சென்சாரை மாற்ற வேண்டும் என்று யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

வெள்ளைக் கோடு விவகாரம் வேறு, அது நிஜமான கோளாறு. போர்டு கீழ்ப் பாதியில், திரை மேல்பாதியில். இரண்டையும் இணைக்கிற ஸ்டிரிப் கீல் வழியாகத்தான் போக வேண்டும். காகிதம் மாதிரி மெல்லிய பட்டை, உள்ளே முடி மாதிரி செம்புத் தடங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை திறந்து மூடினால் வருடத்துக்குப் பதினெட்டாயிரம் மடிப்பு. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் முறியும் இல்லையா, அதே கதைதான். ஒரு தடம் விட்டால் கோடு, பல தடங்கள் விட்டால் திரை முழுக்க வெள்ளை, ஸ்பீக்கர் தடம் விட்டால் எதிர்முனைப் பேச்சு கேட்காது. குறிப்பிட்ட கோணத்தில் சரியாகிறது என்றீர்களே, அது ஸ்டிரிப்பேதான். சென்னை ரிச்சி தெருவில் போன் ரிப்பேர் வேலைக்கு நான் சேர்ந்த 2006-ல் ஃபிளிப் என்று வந்தாலே பாதிக்கு மேல் இந்த வேலையாகத்தான் இருக்கும். அப்போது ஸ்டிரிப் சரம் சரமாகத் தொங்கும். இப்போது மாடலுக்கு ஏற்ற ஸ்டிரிப் கிடைப்பதுதான் கஷ்டம், சில சமயம் உடைந்த போன் ஒன்றை வாங்கி அதிலிருந்து கழற்ற வேண்டியிருக்கிறது. முழுக்கப் போவதற்கு முன்பே காட்டிவிடுங்கள், பெயர்களையெல்லாம் சிம்மில் ஏற்றி வையுங்கள். ஒரு கையால் உதறித் திறக்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள். தம்பிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மாமா ஸ்டைல் கீலுக்கு ஆகாது.

தம்பி பட்ஜெட்டுக்கு: 2022-ல் வந்த நோக்கியா 2660 ஃபிளிப் அப்போது 4,699 ரூபாய். 4ஜி, உள்ளே 2.8 அங்குலத் திரை, வெளியே 1.77 அங்குலம், கழற்றி மாட்டுகிற 1450 எம்ஏஹெச் பேட்டரி. அதில் வாட்ஸப் கிடையாது, உங்களுக்கு வேண்டியதும் அதுதானே. இதைவிட மலிவாக வெறும் 2ஜி ஃபிளிப்பும் சந்தையில் உண்டு. ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது, அந்த சிம்மைப் போட்டால் அதில் ஒன்றும் வராது. சிம் எது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பழையது வாங்குவதாக இருந்தால் கடையிலேயே யாருக்காவது கால் போட்டு, பேசிக்கொண்டே மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். திரை எங்காவது துடித்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்துச் சுண்டுங்கள், பம்பரம் மாதிரி சுற்றினால் உப்பியிருக்கிறது என்று அர்த்தம்.

*

பெரியகுளம் பேத்தி எழுதியது:

அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். மூடினால் கட்டாகும் என்பது அம்மாவுக்கு மூன்று மாதம் வரை மனதில் பதியவே இல்லை. நான் கூப்பிட்டு ‘அப்பாகிட்ட கொடும்மா’ என்பேன். ‘இரு, கூப்பிடுறேன்’ என்று சொல்லி, பழைய லேண்ட்லைன் ரிசீவரைப் பக்கத்தில் வைக்கிற மாதிரி, போனைப் பத்திரமாக மூடி மேசையில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். அப்பா வந்து திறந்து ‘அலோ, அலோ’ என்பார், பிறகு ‘உன் மகள் அவசரக்காரி, அதற்குள் வைத்துவிட்டாள்’ என்று எனக்குத்தான் திட்டு.

இப்போது பழகிவிட்டது. எண்கள் பெரிதாக இருப்பதால் கண்ணாடி இல்லாமலே அழுத்துகிறார். ஆனால் பேரன் போட்டோ பார்க்க வழியில்லை என்கிற குறை தீரவில்லை. மாதம் ஒரு தடவை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார், சுவரில் இடமில்லை.

*

நிஷிகசாய்வாசி எழுதியது:

தோக்கியோவிலிருந்து எழுதுகிறேன். கடையில் ‘தாத்தாவுக்கா’ என்று கேட்டதாகத் தம்பி எழுதியிருந்தார். இங்கே மடக்கு போனுக்கு ‘கராகே’ என்று தனிப் பெயரே உண்டு. கலாபகஸ் தீவுகளின் பெயரையும், ஜப்பானில் கைபேசிக்குச் சொல்லும் கெய்தாய் என்பதையும் வெட்டி ஒட்டியது. வெளி உலகத்தோடு தொடர்பில்லாமல் தனியாக வளர்ந்த உயிரினம் என்கிற கேலி. கேலியாகச் சொன்னாலும் அது ஏழை போன் இல்லை. இங்குள்ள டோகோமோ கம்பெனியின் ஐ-மோட் என்கிற போன் இணையச் சேவை 1999-லேயே வந்துவிட்டது, நம் ஊரில் மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இங்கே மடக்கு போனில் இணையம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிவு கட்டியது நெட்வொர்க்தான். கேடிடிஐ என்கிற இன்னொரு கம்பெனி 3ஜியை 2022 மார்ச்சில் நிறுத்தியது, டோகோமோ 3ஜிக்கும் ஐ-மோடுக்கும் 2026 மார்ச் 31 கடைசி நாள் என்று அறிவித்தது. கை கால் நன்றாக இருந்தும் நெட்வொர்க் போனதால் பெட்டிக்குள் போன போன்கள் எத்தனையோ. அதனால் 4ஜி பார்த்து வாங்குங்கள் என்று ரிச்சி தெரு அண்ணன் சொன்னதை நானும் சொல்கிறேன்.

இன்னொன்று, தமிழில் எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களுக்கு. ஆங்கிலத்தில் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து. ஒரே ஒரு தமிழ் எழுத்து உள்ளே வந்தாலும் அது 70 ஆகக் குறைந்துவிடும். அந்த 70-லும் ‘கி’, ‘கொ’ மாதிரி எழுத்தெல்லாம் இரண்டாகக் கணக்கு. இரண்டு வரி நலம் விசாரித்தால் இரண்டு மெசேஜ் காசு. பட்டன் போனில் ஒரே பட்டனில் நாலைந்து எழுத்து இருக்கும், தட்டித் தட்டி ‘சாப்பிட்டாச்சா’ என்று அடித்து முடிப்பதற்குள் அவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். கூப்பிட்டே கேட்டுவிடலாம்.

*

மேலூர்க்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மதுரைக்குப் போய் 4ஜி ஃபிளிப் ஒன்று வாங்கிவிட்டேன், புதுசு. இது பழைய போனிலிருந்து கடைசியாக எழுதுகிறேன், இன்று இரவு இது அம்மா பீரோவுக்குப் போகிறது. சாவி அம்மாவிடம். பிடிஎஃப்களை நூலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை அண்ணன் தன் டெலிகிராமில் வாங்கி அச்சடித்துத் தருகிறேன் என்றார், பக்கத்துக்கு ஒரு ரூபாய். கணக்குப் போட்டேன், மாதம் முந்நூறு பக்கம் வரும். காசு கொடுத்து வாங்கினால் படித்தே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது, பார்ப்போம்.

உதறித் திறக்க மாட்டேன் அண்ணா. டப்பென்று மூடுவதை மட்டும் விட முடியாது. நேற்று பஸ்ஸில் வரும்போது யாரும் கூப்பிடாமலே நாலைந்து தடவை திறந்து மூடினேன். பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தார்.

*

தேவகோட்டை தையல் எழுதியது:

ரிச்சி தெரு அண்ணே, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். காந்தமேதான்! பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய வட்டக் காந்தம், மெஷின் தலைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன், குண்டூசி பொறுக்க. நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுப் போனைத் திறந்து பக்கத்தில் கொண்டுபோனேன். திரை அணைந்தது. எடுத்தேன், எரிந்தது. என் மகள் பத்துத் தடவை செய்து பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்கு இதையே கொண்டுபோகிறேன் என்கிறாள். பதினாறு மாதமாக எத்தனை பேர் கால் பாதியில் கட்டாகி, நான் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டதாக நினைத்தார்களோ. சிம் மாற்றிய காசு வேறு தண்டம். இப்போது காந்தத்தைச் சுவர் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். ஸ்டிரிப்புக்குக் காரைக்குடியில் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், கிடைத்தால் போன் செய்கிறேன் என்றார். எந்த போனுக்கு என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தம்பி, ஹால் டிக்கெட் வந்தால் எடுத்துத் தரவும் அந்த ஜெராக்ஸ் கடைக்காரரிடமே இப்போதே சொல்லி வையுங்கள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன். வீட்டுக்காரருக்குச் சிவகங்கைக்கு லோடு வந்துவிட்டது, வாசலில் நின்று போனைக் கேட்கிறார்.